குரல் எவர் உடைமை?
லில் வெய்னின் வழக்கை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

பாடுபவன் ஒருவன், அவனது பாட்டைப் பதிவு செய்து விற்பவன் வேறொருவன். இவ்விருவருக்கும் இடையிலான உறவை இலாபப் பங்கீடு பற்றிய பிரச்சினையாகவே பலரும் நோக்குவர். எவருக்கு எத்தனை வீதம், முற்பணம் எவ்வளவு, கணக்கு ஒழுங்காகக் காட்டப்பட்டதா என்னும் வினாக்கள் சட்டத்தரணிகளுக்கும் கணக்காளருக்கும் உரியன. ஆயின் அவற்றின் அடியில் அறவியலுக்கே உரிய வினா ஒன்றும் கிடக்கின்றது. பாட்டை விலைகொடுத்து வாங்கியவனுக்கு, அதனை ஒலிக்கவிடாது தடுத்து வைக்கும் உரிமையும் உண்டா? விற்று இலாபம் பெறும் உரிமையும் பூட்டி வைக்கும் உரிமையும் ஒன்றுதானா? இளமையில் ஆதரித்து வளர்த்தவனே அப்பாட்டின் உடைமையாளனாகவும் இருக்கும்பொழுது, பாடகன் அவனுக்குப் பட்ட நன்றிக்கடன் அவ்வுரிமைக்கு வலுச் சேர்க்கின்றதா?

இவ்வினாக்களை வெறும் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதிலும் பார்க்க ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையை முன்னிறுத்தி ஆராய்தல் பயன்தரும். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான லூயிசியானாவைச் சேர்ந்த லில் வெய்ன் என்னும் றப் பாடகருக்கும், காஷ் மனி றெக்கோட்ஸ் என்னும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் இடையே நிகழ்ந்தவை இதற்குப் பெரிதும் பொருத்தமானவை. றப் பாட்டு பல்கலைக்கழகக் கட்டுரையொன்றுக்கு ஏற்ற பொருளன்று எனக் கருதுவோரும் இருக்கலாம். நாட்டார் பாடல்களையும் கூத்தையும் பற்றி இதே ஐயம் ஒரு காலத்தில் நம்மிடையே எழுப்பப்பட்டதை அவர்கள் நினைவுகூர்வார்களாக.

லில் வெய்ன் பிறந்த நியூ ஓர்லியன்ஸ் நகரம் இசையாற் பேர்பெற்றது. அடிமை முறை நிலவிய காலத்தில் ஆபிரிக்க மக்கள் ஞாயிறுதோறும் கூடி, முழவு கொட்டி ஆடிப்பாடிய கொங்கோ சதுக்கம் இந்நகரிலேயே உள்ளது. ஜாஸ் இசை உருப்பெற்றதும், 1901இல் லூயி ஆம்ஸ்ற்றோங் பிறந்ததும் இங்கேதான். வாரத்தின் ஏனைய நாட்களிற் பிறருக்கு உடைமையாயிருந்த மாந்தர், அந்த ஒரு நாளில் மட்டும் தமது குரலைத் தாமே கேட்டனர் எனலாம். அடிமை முறை ஒழிந்த பின்னரும் அக்குரல் முற்றாக விடுதலை பெற்றதெனக் கூறுதல் கடினம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் புளூஸ் பாடகர் பலர், ஒரு பாட்டுக்குச் சில டொலர்களைப் பெற்றுக்கொண்டு, பின்னர் குவிந்த வருவாயில் எவ்வித பங்குமின்றி விடப்பட்டமை இசை வரலாறு பயில்வோர் யாவரும் அறிந்ததே. இந்தப் பின்புலத்தை மனங்கொள்ளாது காஷ் மனி நிறுவனத்தை மதிப்பிடப் புகுவது நேர்மையாகாது.

அந்நிறுவனத்தை 1991இல் தொடக்கியவர்கள் பிரையன் வில்லியம்ஸ், றொனால்ட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சகோதரர் இருவர். முன்னவர் பேர்ட்மான் என்னும் பெயராலேயே பெரிதும் அறியப்படுபவர். றப் பாட்டு 1970களில் நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியிலே தோன்றியது. பின்னர் மேற்குக் கரையிலும் வேரூன்றியது. தென்மாநிலத்தாரை இவ்விரு கரையினரும் நாட்டுப்புறத்தாராகவே கருதினர். 1995இல் நியூயோர்க்கில் நடைபெற்ற பரிசளிப்பு விழாவொன்றில், அற்லாண்டா நகரத்து அவுட்காஸ்ற் குழுவினர் பரிசுபெற மேடையேறியபோது அவையோர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். இத்தகைய சூழலில், தலைநகரங்களின் தயவை வேண்டாது, தம் நகரத்து இளைஞரின் பாட்டைத் தாமே பதிவு செய்து தாமே விற்ற சகோதரர்களின் முயற்சி சிறியதன்று. 1998இல் யூனிவேர்சல் என்னும் பெருநிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் செய்தபோது, 30 மில்லியன் டொலர் பெறுமதியானதெனப் பரவலாகக் குறிப்பிடப்படும் அந்த ஒப்பந்தத்திலும், மூலப்பதிவுகளின் உடைமையை அவர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அதே நகரத்தவரான மாஸ்ரர் பீ, 1996இல் பிறயோரிற்றி நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தமும் இத்தகையதே. புளூஸ் பாடகர் இழந்ததை இவர்கள் இழக்கவில்லை. இதனை ஒரு விடுதலையாகவே தென்மாநிலக் கறுப்பின இளைஞர் கண்டனர். அவ்வாறு கண்டதிற் பிழையுமில்லை.

ஆனால் எவருடைய விடுதலை என்பதே கேள்வி. மூலப்பதிவின் உடைமை வெள்ளையர் நிறுவனத்திடமிருந்து கறுப்பினத்தவரின் நிறுவனத்துக்கு மாறிற்று. பாடியவனுடைய நிலை மாறிற்றா? உடைமையாளர் மாறியதையும் உடைமை உறவு மாறியதையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இசைத்துறைக்கு மட்டும் உரியதன்று. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் வரலாற்றிலும் அதனைக் காணலாம். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

லில் வெய்னின் இயற்பெயர் டுவெய்ன் மைக்கல் கார்ட்டர். 1982 செப்ரெம்பர் 27ஆம் நாள் பிறந்து, ஹொலிகுறோவ் என்னும் வறிய பகுதியில், பெற்ற தந்தையின் துணையின்றி வளர்ந்தவர். பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்திலேயே காஷ் மனியுடன் இணைந்துவிட்டார். பதினேழு வயதில், 1999இல், அவரது முதலாவது தனித் தொகுப்பு வெளியாயிற்று. 2004இல் ‘த கார்ட்டர்’ வரிசை தொடங்கியது. அதன் மூன்றாவது தொகுப்பு 2008 ஜூனில் வெளியாகி, முதல் வாரத்திலேயே பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாயின. இதற்கிடையில் நிறுவனத்தின் ஏனைய தூண்களாயிருந்த ஜுவெனைல், பி. ஜி. ஆகிய பாடகர்களும், இசையமைத்த மானி பிறெஷ் என்பவரும் பணக் கொடுப்பனவு பற்றிய மனக்கசப்புடன் ஒவ்வொருவராக விலகியிருந்தனர். விலகாது நின்றவர் வெய்ன் ஒருவரே. பேர்ட்மானை அவர் தந்தை என்றே அழைத்தார். அவரும் இவரை மகன் என்றார். 2006இல் இருவரும் இணைந்து வெளியிட்ட தொகுப்பின் பெயரே தந்தையைப் போல் மகன் என்னும் பொருளுடையது.

இந்த உறவு 2014 டிசெம்பரில் முறிந்தது. வரிசையின் ஐந்தாவது தொகுப்பு வெளிவரவிருந்த வேளையில், நிறுவனம் அதனை வெளியிட மறுக்கின்றது எனவும், தானும் தன் படைப்பாற்றலும் சிறைப்பட்டிருப்பதாகவும் வெய்ன் சமூக ஊடகத்தின் வாயிலாக உலகறியக் கூறினார். 2015 ஜனவரியில் 51 மில்லியன் டொலர் கோரி வழக்குத் தொடுத்தார். 2018இல் இணக்கம் ஏற்பட்ட பின்னரே, அவரது முப்பத்தாறாவது பிறந்தநாளை ஒட்டி அத்தொகுப்பு வெளிவந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒரு பாடகனின் முதன்மையான படைப்பு வெளியாகாது கிடந்தது. கணக்கில் எப்பக்கம் பிழை இருந்தது என்பதைத் தீர்ப்பது எம்முடைய வேலையன்று. நான்கு ஆண்டுத் தடுப்பு என்னும் அந்த நிகழ்வே நமக்குரிய பொருள்.

உடைமை பற்றிய மேற்கத்தியச் சிந்தனையில் முதலில் நினைவுக்கு வருபவர் ஜோன் லொக். தன் உடலுக்கு ஒவ்வொருவனும் உடைமையாளன். எனவே தன் உழைப்பைக் கலந்த பொருளும் அவனுடையது என்பது அவரது வாதம். மேலோட்டமாக நோக்கின் இது பாடகனுக்குச் சார்பானது. ஆனால் அதே அத்தியாயத்தில், தன் வேலையாள் வெட்டிய புல்லும் தன்னுடைமையே என்கிறார் லொக். வேலையாளின் உழைப்பு எவ்வாறு எசமானின் உழைப்பாயிற்று என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. ஒலிப்பதிவு நிறுவனங்களின் வாதம் முழுவதும் இந்தப் புல்லிலேதான் நிற்கின்றது: நாம் பணம் கொடுத்தோம்; ஆகவே பாடியவர் நாமே. இந்த மாற்றத்தைத் தெளிவாகக் கண்டு சொன்னவர் மார்க்ஸ். பறவை பாடுவதுபோல் பாடும் பாடகியும், இலாபம் கருதும் ஒரு முதலாளியின் கீழ்ப் பாடும் அதே பாடகியும் செய்வது ஒரே செயல்தான். ஆயின் அவளது உழைப்பின் சமூக உருவம் முற்றாக வேறாகிவிடுகின்றது என அவர் காட்டினார். இது விளக்கம் என்ற அளவில் மிகவும் பயனுடையது. ஆனால் புல்லைத் தடுத்து வைத்தலுக்கும் பாட்டைத் தடுத்து வைத்தலுக்கும் அறவியலில் வேறுபாடு உண்டா என்னும் நமது வினாவுக்கு இங்கு விடை கிடைப்பதில்லை. அதற்கு நாம் கான்றிடம் செல்லவேண்டும்.

1785இல் இம்மானுவேல் கான்ற் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிறர் நூலை அனுமதியின்றி மறுபதிப்புச் செய்தல் ஏன் தவறு என்பது அதன் பொருள். பெருநூல்களின் நிழலில் பெரிதும் கவனிக்கப்படாது போன அக்கட்டுரை நமது பிரச்சினைக்கு வியப்பூட்டும் வகையிற் பொருந்துகின்றது. நூலென்பது கான்றின் நோக்கில் வெறும் பொருளன்று. அது ஒருவன் பொதுமக்களை நோக்கிப் பேசும் பேச்சு. பதிப்பாளன் அப்பேச்சை ஆசிரியனின் பெயரால் மக்களிடம் கொண்டு சேர்க்கின்றான். அவன் நூலின் உடைமையாளன் அல்லன். பேச்சைக் காவிச் செல்பவன். இதிலிருந்து கான்ற் பெறும் முடிபு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்தபின் ஆசிரியன் இறந்துவிடின், பதிப்பாளன் அதனைத் தன் உடைமையென எண்ணி அமுக்கிவிட முடியாது. ஒன்றில் வெளியிடவேண்டும், அன்றேல் வெளியிட விரும்பும் வேறொருவனிடம் கையளிக்கவேண்டும். இவ்வாறு கோரும் உரிமை மக்களுக்கு உண்டு. பேச்சுக்குக் கேட்போன் என்றொருவன் இருப்பதால், தடுத்து வைத்தல் இருவருக்குமிடையிலான வணிகத் தகராறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இங்கு ஒரு தடை எழும். கான்ற் ஓவியம், சிற்பம் முதலியவற்றை நூலிலிருந்து வேறுபடுத்தினார். ஓவியம் தன்னளவில் நிற்கும் பொருள், நூலோ செயல். அவ்வாறாயின் ஒலிப்பதிவு எவ்வகையைச் சாரும்? நாடாவிலோ வேறு சாதனத்திலோ பதிந்து கிடக்கும் அது ஒரு பொருள்தானே என நிறுவனம் வாதிடலாம். இவ்விடத்தில் வெய்ன் பாட்டமைக்கும் முறை கவனத்துக்குரியது. தம் தொழில்வாழ்வின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் பாட்டைத் தாளில் எழுதுவதை விட்டுவிட்டார். மனத்திற் கட்டி, ஒலிவாங்கியின் முன்னின்று நேரே பாடிப் பதிவு செய்வதே அவரது வழக்கம். எழுதிப் பாடுபவனுக்கு ஏடாவது மிஞ்சும். இவருக்குக் கையெழுத்துப் பிரதி என ஒன்றில்லை. மூலப்பதிவே அப்பாட்டின் ஒரே உடல். அதிற் பதிந்திருப்பதோ, ஒருவன் தன் பெயராற் பிறரை விளித்துப் பேசும் பேச்சைத் தவிர வேறன்று. றப் பாட்டு அடிப்படையிலே தாளத்துக்கு அமைந்த தன்மைக்கூற்றுப் பேச்சு. கான்றின் பிரிவினையில் நூல் எப்பக்கமோ அப்பக்கமே இதுவும் நிற்கவேண்டும் என்பது எனது கருத்து. பொருளாகக் காணப்படுவதால் அதன் பேச்சுத்தன்மை அழிந்துவிடாது. அச்சிட்ட நூலும் காணப்படும் பொருளே அன்றோ?

அத்தொகுப்பின் இறுதிப் பாடலைக் கேட்போருக்கு இது இன்னும் தெளிவாகும். பன்னிரண்டு வயதிலே துப்பாக்கிக் குண்டு தன் நெஞ்சிற் பாய்ந்தமை தற்செயலான விபத்தென்று நெடுங்காலம் சொல்லப்பட்டிருக்க, அது தன்னுயிரைத் தானே மாய்க்க முயன்ற செயல் என்பதை அப்பாடலில் வெய்ன் விரித்துரைக்கின்றார். பாடுவதற்குத் தாய் விதித்த தடையே அதற்குக் காரணமாயிருந்தது என்பதையும் அவரே பின்னர் கூறியுள்ளார். அப்பகுதி தடுப்புக் காலத்தின் இறுதியிற் சேர்க்கப்பட்டது. எனவே நிறுவனம் இதனை மறைத்து வைத்தது என நான் கூறவரவில்லை. பூட்டப்பட்டிருந்த பெட்டகம் எத்தகைய பேச்சைத் தாங்கக்கூடியது என்பதைச் சுட்டவே இதனை எடுத்துக்காட்டினேன்.

இனி எதிர்வாதத்தை அதன் முழு வலுவுடன் நோக்குவோம். எவரும் ஏறிட்டுப் பாராத சிறுவனை அழைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்துவிட்டு, பல ஆண்டுகள் பணம் செலவிட்டவர்கள் சகோதரர்கள். அவ்வாறு செலவிடப்பட்ட சிறுவர் அனைவரும் வெய்ன் ஆகவில்லை. வென்ற ஒருவனின் வருவாயைக் கொண்டே தோற்ற பலரின் செலவை ஈடுசெய்ய வேண்டியுள்ளது. வெளியீட்டுக்குரிய காலத்தைத் தெரிவு செய்யும் உரிமையும் வணிகத்துக்கு இன்றியமையாதது. மேலும், சிறுவயது ஒப்பந்தம் செல்லாதென வாதிடுவதும் இங்குப் பயனற்றது. வளர்ந்த பின்னரும் அவரே அந்த உறவைப் புதுப்பித்துக்கொண்டார். உடன்பாடு உடன்பாடுதான் என இவர்கள் கூறுவர்.

உடன்பாட்டுக்கு எல்லை உண்டு என்பதை மெய்யியலாளர் பலர் ஏற்றுள்ளனர். தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் சுதந்திரம் ஒருவனுக்கு இல்லை என்றார் மில். சுதந்திரத்தைத் துறத்தல் சுதந்திரத்தின் செயலாகாது என்பது அவரது 1859ஆம் ஆண்டு நூலின் வாதம். இந்த எடுத்துக்காட்டு நமது வழக்குக்குச் சற்று மிகையானது. பன்மடங்கு செல்வம் பெற்ற ஒருவரை அடிமை என்றழைத்தல், உண்மையில் அடிமைப்பட்டோரின் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஹெகலின் கூற்று இதனிலும் நுண்ணியது. என் ஆற்றலால் விளையும் தனித்தனிப் பொருட்களையும், குறித்த காலத்துக்கு என் உழைப்பையும் பிறருக்குக் கொடுக்கலாம். என் உழைப்புக்காலம் முழுவதையும் ஆக்கம் அனைத்தையும் கொடுத்துவிடின், என் ஆளுமையையே பிறர் உடைமையாக்கியவன் ஆவேன் என்கிறார் அவர். இத்தனை தொகுப்புகள் தரவேண்டும், தரும்வரை வேறெவருக்கும் பாடலாகாது, தந்ததை எப்போது வெளியிடுவதென்பது எம் விருப்பம் என்னும் மூன்று நிபந்தனைகளும் ஒன்றுசேரும்போது, காலவரையறை என்பது பெயரளவில் மட்டுமே எஞ்சும். வெளியிடாத தொகுப்பு பாடகன் கடனிற் கழிக்கப்படாவிடின், அவன் எத்தனை பாடினாலும் கடன் தீராது. குறித்த காலத்துக்கான ஒப்பந்தத்தை முடிவிலாததாக மாற்றும் திறவுகோல் தடுத்து வைக்கும் உரிமையே.

ஆகவே நிறுவனம் தன் பங்கைப் பெறுவதை நான் மறுக்கவில்லை. பெரும்பங்கு பெறினும் அது பேரத்துக்குரிய விடயம். வெளியிட விரும்பாவிடில் விட்டுவிட வேண்டும் என்பதே கேட்கப்படுவது. செலவிட்ட பணத்தைத் திருப்பிப் பெறும் ஏற்பாட்டுடன் விட்டுவிடலாம். பேசாதிருக்கும் உரிமை ஒன்று உண்டெனின் அது பேசுபவனுக்கே உரியது. பேச்சைக் காவிச் செல்ல ஒப்புக்கொண்டவனுக்கு உரியதன்று. ஐக்கிய அமெரிக்கச் சட்டமும் முற்றாக இதற்கு எதிரானதன்று. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளி கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளின்பின் மீளப்பெற இடமளிக்கின்றது. அதனைத் துறப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொடுத்தாலும் அத்துறவு செல்லாது. ஒரு படைப்பின் பெறுமதி தெரியவருமுன் செய்யப்படும் பேரம் சமமான பேரமன்று என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர். கூலிக்குச் செய்வித்த படைப்புக்கு இவ்விதி பொருந்தாது என்பதால், ஒலிப்பதிவுகளை அவ்வகையில் அடக்க இசை நிறுவனங்கள் முயன்றன. 1999இல் அதற்கான திருத்தமொன்று சட்டத்திற் புகுந்தது. பாடகர்களின் எதிர்ப்பினால் மறு ஆண்டிலேயே நீக்கப்பட்டது. லொக்கின் வேலையாள் வெட்டிய புல் மீண்டும் ஒருமுறை தலைகாட்டிய கதை இது.

எஞ்சியிருப்பது நன்றி பற்றிய வினா. தமிழ் மரபில் அறம் பயின்றோருக்கு இது இலகுவான வினாவன்று. செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்னும் நோக்கிலே வளர்ந்த நாம், வளர்த்தவர்மீது வழக்குத் தொடுத்த மகனைக் கண்டு முதலில் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் நன்றி என்பது பெற்றவன் உள்ளத்தில் எழுவது. செய்தவன் அதனைக் கேட்டுப் பெற முற்படும் கணத்திலேயே செய்தது உதவி என்னும் நிலையிலிருந்து இறங்கி, கடனாகிவிடுகின்றது. கடனென்றால் கணக்குக் காட்டவேண்டும். தந்தை மகனுக்குக் கணக்குக் காட்டுவதில்லை. நிறுவனம் காட்டியே ஆகவேண்டும். கணக்குக் கேட்கும் வேளையில் தந்தையாகவும், பதிவைப் பூட்டும் வேளையில் நிறுவனமாகவும் ஒருவரே நிற்கக்கூடிய நிலைதான் இத்தகைய உறவுகளின் ஆபத்து. ஊரவரிடையே, உறவுமுறை கூறி வேலைவாங்கும் இடங்கள் எங்கும் இது நிகழக்கூடியது. தந்தை, மகன் என்னும் சொற்கள் பொய்யென நான் கருதவில்லை. 2018இன் பின்னர் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் தோன்றியுள்ளனர். அன்பு மெய்யாக இருந்தமையே அந்த ஒப்பந்தத்தின் சுமையைக் கூட்டியது எனலாம்.

ஒப்பந்தத்துக்கு வெளியே வெய்ன் செய்தவற்றையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும். 2006, 2007ஆம் ஆண்டுகளில், பிறர் இசைக்குத் தம் சொற்களைப் பொருத்தி, மிக்ஸ்டேப் எனப்படும் தொகுப்புகளை அவர் விலையின்றிப் பரவவிட்டார். அவரது கவித்திறனை விமர்சகர்கள் ஏற்றுக்கொள்வதற்கு இவையே பெரிதும் காரணமாயின. விற்கப்படாத பாட்டிலேதான் அவர் தாம் விரும்பியவாறு பேசினார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. தடுப்புக் காலத்திலும், 2015 ஜூலையில், தம்மை விடுவிக்குமாறு கோரும் பெயருடன் வேறொரு தொகுப்பை இணையச் சேவையொன்றின் வழியே வெளியிட்டார்.

இவ்வளவும் கூறியபின் மற்றொரு செய்தியையும் மறைத்தலாகாது. வெய்ன் 2005இல் யங் மனி என்னும் தமது நிறுவனத்தைத் தொடக்கியிருந்தார். டிறேக், நிக்கி மினாஜ் போன்றோர் அதன் வழியாகவே உலகப் புகழ் பெற்றனர். அந்நிறுவனத்தின் மூலப்பதிவுகளை 2020இல் அவர் யூனிவேர்சலுக்கு விற்றுவிட்டதாகவும், விலை நூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்டதெனவும், அவரது முன்னாள் முகாமையாளர் தொடுத்த வழக்கொன்றின் மூலம் அவ்வாண்டின் இறுதியில் தெரியவந்தது. தம் குரல் பூட்டப்பட்டபோது குமுறியவர், பிறர் குரலும் அடங்கிய பெட்டகத்தை விற்றார் என எள்ளி நகையாடுவோர் உளர். நான் மேலே வகுத்த பிரிவினையின்படி, வருவாய் பெறும் உரிமையைக் கைமாற்றியதில் மட்டும் குற்றங்காண இயலாது. அப்பெட்டகத்திலுள்ள பதிவு ஒன்றேனும், பாடியவர் விரும்பியும் வாங்கியவர் விருப்பின்மையால் ஒலிக்காது கிடக்க நேருமாயின், 2014 டிசெம்பரில் வெய்ன் பேர்ட்மானை நோக்கிக் கேட்ட அதே கேள்வியை அப்பாடகர் வெய்னை நோக்கிக் கேட்கலாம். அதற்கு அவர் கூறத்தக்க விடை யாதென்பது எனக்குப் புலப்படவில்லை.